மூன்றாம் வகுப்பும் ஒரு ஆடிட்டர் ஆபீஸும்

பி.காம். முடிவு பேப்பரில் வந்த அன்று என் நம்பரை இரண்டாம் வகுப்புப் பட்டியலில்தான் முதலில் தேடினேன். முதல் வகுப்பில் தேடுகிற துணிச்சல் எனக்கு எப்போதுமே இருந்ததில்லை. இரண்டாம் வகுப்பில் இல்லை என்றதும் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். அக்கா வீட்டுக்காரரான மச்சான்தான் அதை மறுபடியும் விரித்து, மூன்றாம் வகுப்பு நம்பர்கள் நெருக்கியடித்து அச்சாகியிருந்த பத்தியில் விரலை ஓட்டி, "இதா இருக்குதப்பா" என்றார். அவர் லேத்தில் வேலை செய்பவர். நகக்கண்ணில் இருந்த கிரீஸ் என் நம்பருக்குப் பக்கத்தில் ஒரு கறையாகப் பதிந்தது.

ஐம்பதுகள் முடிந்து அறுபதுகள் பிறந்திருந்த சமயம் அது. எங்களுக்கு உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு. கல்லூரியில் படிக்க நான் கோயம்புத்தூர் வந்து, கணபதிப் பகுதியில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். மச்சான் வேலை பார்த்த மோட்டார் பட்டறை அதே தெருவில்தான். பாஸ் ஆனதும் ஊருக்கு வந்து தேங்காய் மண்டியில் உட்காரச் சொன்னார் அப்பா. எனக்கு ஆடிட்டர் ஆகவேண்டும் என்றிருந்தது. அதற்குக் காரணம் கேட்டால் சொல்லவே கூச்சமாக இருக்கும்.

அப்பா உரம் வாங்குகிற கூட்டுறவுச் சங்கத்தில் வருஷத்துக்கு ஒருமுறை தணிக்கைக்கு ஆட்கள் வருவார்கள். அவர்கள் போனபின் பேரேட்டைப் பார்த்தால் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் பச்சைப் பென்சிலில் ஒரு குறி இருக்கும். சிலது சாதாரண டிக். சிலதுக்கு வால் நீண்டிருக்கும், சிலதுக்கு நடுவே ஒரு கோடு வெட்டும். இதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று சங்கத்துக் குமாஸ்தாவைக் கேட்டேன். பதினைந்து வருஷமாக அந்தப் பேரேட்டை எழுதுகிறவர், தனக்குத் தெரியாது என்றார். தன் நோட்டில் வேறொருவர் எழுதிவைத்துப் போனது என்னவென்று தெரியாமல் ஒரு மனுஷர் எப்படித் தூங்குகிறார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

ஆடிட்டர் ஆவதற்கு முதலில் ஒரு ஆடிட்டரிடம் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு சில வருஷம் பயிற்சியில் இருக்கவேண்டும். ஆர்ட்டிகிள்ஸ் என்பார்கள். ஒரு ஆடிட்டர் இத்தனை பேரைத்தான் சேர்த்துக்கொள்ளலாம் என்று கணக்கு உண்டு. கோயம்புத்தூரில் அன்றைக்கு ஆடிட்டர்களும் குறைவு. எனவே இருக்கிற இடத்தை யாருக்குக் கொடுப்பது என்பதில் அவர்கள் யோசிக்கத்தான் செய்வார்கள்.

முதலில் போனது ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு பெரிய ஆபீஸ். சான்றிதழை வாங்கிப் பார்த்தவர் மார்க்குப் பட்டியலின் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு, முதல் வகுப்புக்குக் கீழே எடுப்பதில்லை என்று மரியாதையாகவே சொல்லித் திருப்பிக் கொடுத்தார். இரண்டாவது இடத்தில் அப்பா என்ன செய்கிறார், எந்த மில் குடும்பத்துக்கு உறவு, முன்பணம் எவ்வளவு கட்ட முடியும் என்று கேட்டார்கள். மூன்றாவதில் ஆடிட்டரைப் பார்க்கவே முடியவில்லை. இடம் இல்லை என்று பியூன் சொன்னார். அடுத்த வாரமும் அவரே சொன்னார். ஆடி போய் ஆவணி பிறந்தும் எனக்கு இடம் கிடைக்கவில்லை.

அக்காவைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். எட்டாவது வரைக்கும்தான் படித்தாள். எட்டு வகுப்பிலும் அவள்தான் முதல். அதற்குப்பின் பள்ளிக்கூடம் தூரம் என்று நிறுத்திவிட்டார்கள், நாலு வருஷத்தில் கல்யாணம். என்னைவிட மார்க் வாங்கியவள் என்பது வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம். அவளும் சொன்னதில்லை. நான் ஒவ்வொரு ஆபீஸாகப் போய்வந்த நாட்களில், என்ன சொன்னார்கள் என்று அவள் கேட்கமாட்டாள். அங்கே என்னென்ன இருந்தது என்றுதான் கேட்பாள். எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், பொம்பளைகள் யாராவது உண்டா, அலமாரியில் அடுக்கியிருப்பது யாருடைய கணக்கு, ஒரு மில்லின் கணக்கு பூராவும் எத்தனை நோட்டில் அடங்கும். பாதிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. அடுத்த ஆபீஸுக்குப் போகும்போது அவளுக்குச் சொல்வதற்காகவே சுற்றிலும் பார்த்து வைத்துக்கொள்வேன்.

மூன்றாவது ஆபீஸில் இரண்டாம் முறையும் திரும்பி வந்த அன்று, அவள் துணி மடித்துக்கொண்டே ஒரு யோசனை சொன்னாள்.

"மார்க்கை நீயே மொதல்ல சொல்லிப்போடு, தம்பி. அவங்க காயிதத்தைப் பார்த்துக் கண்டுபுடிக்கிற வரைக்கும் ஏன் நெஞ்சைப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறே?"

நான்காவது ஆபீஸ் ஒப்பணக்காரத் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், நூல் கடைக்கு மேலே இருந்தது. மரப்படி. மேலே ஒரே அறை, மூன்று மேஜை. ஆடிட்டருக்கு நாற்பது வயதிருக்கும். தெலுங்கு பேசும் குடும்பம். கதர்ச் சட்டையும் அரைக்கண் மூக்குக் கண்ணாடியும். கையில் ஒரு பேரேடு. நான் நின்றபடியே, "ஐயா, ஆர்ட்டிகிள்ஸ் கேட்டு வந்திருக்கறேனுங்க. நான் தேர்ட் கிளாஸ். அக்கவுண்ட்ஸ் பேப்பரில் முப்பத்தெட்டு மார்க்" என்று ஒரே மூச்சில் சொல்லிமுடித்தேன்.

அவர் பேரேட்டை மூடவில்லை. ஆனால் நிமிர்ந்து பார்த்தார்.

"உக்காருங்க தம்பி. அது ஏனுங்க முப்பத்தெட்டு?"

இத்தனை ஆபீஸில் இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். அந்தப் பரீட்சையில் முதல் கேள்வியே ஒரு வியாபாரியின் ஐந்தொகை. போட்டு முடித்தேன், இரண்டு பக்கமும் ஒத்துவரவில்லை. ஒரு வித்தியாசம் நின்றது. விட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கவேண்டும், எனக்கு மனசு வரவில்லை. அது எங்கே போயிருக்கும் என்று ஒவ்வொரு வரியாகத் தேடிக்கொண்டிருந்தேன். மணி அடித்துவிட்டது. மூன்று கேள்வியைத் தொடவே இல்லை.

"அப்புறம் கிடைச்சுதுங்களா?" என்றார்.

"கிடைச்சுதுங்க. மூணு நாள் கழிச்சு, ஊருக்குப் போற பஸ்ஸில். பொள்ளாச்சி தாண்டினதும்."

அவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளி அந்தக் கேள்வியையும் அன்றைக்கு நான் போட்ட கணக்கையும் எழுதச் சொன்னார். எனக்கு அது ஒரு எண் விடாமல் ஞாபகம் இருந்தது. எழுதிக் கொடுத்தேன். தவறு எது என்று சொல்லவேண்டாம் என்று கையமர்த்திவிட்டு, பென்சிலை எடுத்துக்கொண்டு அவரே தேட ஆரம்பித்தார். நான் சும்மா உட்கார்ந்து, சுவரில் மாட்டியிருந்த மில் காலண்டர்களை எண்ணினேன். பத்து நிமிஷம் போயிருக்கும். வந்த தள்ளுபடியைக் கொடுத்த தள்ளுபடியாக நான் எழுதியிருந்ததைக் கண்டுபிடித்தார். எதிர்ப்பக்கத்தில் விழுந்ததால் வித்தியாசம் இரண்டு மடங்காகி நின்றிருந்தது. அதனால்தான் நான் தேடிய தொகை எந்த வரியிலும் கிடைக்கவில்லை.

"பரீட்சைக்கு இது கெட்ட பழக்கம்" என்றார். பாராட்டப்போகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு முகம் சுருங்கியது. என்னைச் சேர்ப்பதா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். அடுத்த திங்கட்கிழமை ஆனைமலையில் ஒரு எண்ணெய் மில்லில் சரக்கிருப்பு எண்ணவேண்டும், ஒரு வாரம் ஆகும், தன் ஆபீஸில் இருக்கும் பையனோடு போய்வாருங்கள், அதற்குப்பின் பேசுவோம் என்றார்.

அந்தப் பையன் என்பவர் என்னைவிட மூன்று வயது மூத்தவர். மெட்ராஸில் முதல் வகுப்பில் தேறியவர். பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததுமே, பயிற்சியில் இருக்கும் இன்னொரு பையனுக்கு மஞ்சள்காமாலை, அதனால்தான் உங்களை அனுப்புகிறார் என்று சொல்லிவிட்டார். கெட்ட எண்ணத்தில் இல்லை. அவர் எதையும் மறைக்கத் தெரியாதவர். பச்சை டிக்குகளைப் பற்றி அவரிடம் கேட்டேன். கிணத்துக்கடவு வருவதற்குள் அத்தனையும் சொல்லிக்கொடுத்தார். ரசீதோடு ஒப்பிட்டதற்கு ஒரு குறி, கூட்டல் சரிபார்த்ததற்கு ஒரு குறி, பேரேட்டுக்குப் போனதைப் பார்த்ததற்கு ஒரு குறி. ஒவ்வொரு ஆபீஸும் தனக்கென்று வைத்துக்கொள்ளும், வெளியாளுக்குச் சொல்லாது. சொன்னால் தணிக்கை முடிந்தபின் எவனாவது எண்ணைத் திருத்திவிட்டு அதே குறியைப் போட்டுவிடுவான். அப்படியானால் சங்கத்துக் குமாஸ்தாவுக்குத் தெரியாமல் இருந்ததுதான் முறை. இத்தனை வருஷம் அவரைக் குறைவாக நினைத்துவிட்டேனே என்றிருந்தது.

மில்லில் மூன்று நாள் கொப்பரை மூட்டைகளை எண்ணி எடை போட்டோம். குடோனைப் பார்த்துக்கொண்ட கணக்குப்பிள்ளைக்கு ஐம்பது வயதுக்கு மேல். ஒவ்வொரு மூட்டை தராசில் ஏறும்போதும் அவர் உதடு அசையும். மூன்றாம் நாள் சாயங்காலம் கூட்டிப் பார்த்தால், புத்தகத்தில் இருக்கவேண்டிய எடைக்குப் பதினோரு மூட்டை அளவுக்குக் குறைந்தது. வெயிலில் காயும்போது எடை குறையும் என்று மில்லே ஒரு அளவு ஒதுக்கி வைத்திருந்தது. அதையும் கழித்துவிட்டுத்தான் பதினோரு மூட்டை.

என்னோடு வந்த மூத்தவர் மறுபடி ஒருமுறை கூட்டிப் பார்த்தார். பிறகு தாளில் 'குறைவு' என்று எழுதி, கணக்குப்பிள்ளையின் விளக்கம் தேவை என்று கீழே குறித்தார். கணக்குப்பிள்ளையிடம் விளக்கம் இல்லை. முதலாளி என்ன சொல்வார் என்ற பயம்தான் இருந்தது. நான் யாரையும் ஏய்க்கவில்லைங்க என்று எங்கள் இருவரிடமும் மாற்றி மாற்றிச் சொன்னார். இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறேன் என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடப் போகவில்லை.

எனக்கு அவர்மேல் பரிதாபம் இருந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் எனக்கு அந்தப் பதினோரு மூட்டை எங்கே போயிருக்கும் என்பதுதான் குடைந்தது. பரீட்சையில் பிடித்த அதே பிசாசு.

மறுநாள் காலையில், கொப்பரை காயப்போடும் களத்துப் பக்கம் போனேன். நாலைந்து பெண்கள் கொப்பரையைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். நானும் தென்னந்தோப்பு வீட்டுப் பிள்ளைதான் என்று சொல்லிக்கொண்டு, கீழே கிடந்த ஒரு துண்டை எடுத்து உடைத்துப் பார்த்தேன். மூத்தவளாக இருந்த அம்மாளிடம், குடோனில் உள்புறம் அடுக்கியிருக்கிற சரக்கு எப்போது வந்தது என்று கேட்டேன்.

"அது ஆடியில வந்த சரக்குங்க" என்றாள். "கையில எடுத்தா வளையுது, ஒடைய மாட்டேங்குது. அம்புட்டு ஈரம். மழை விட்டாக் கொட்டறதும், தூத்தல் போட்டா அள்ளறதுமா மூணு வாரம் கெடந்தோமுங்க."

போன வருஷமும் அப்படித்தானா என்று கேட்டேன். போன வருஷம் ஆடியில் தன்னைக் களத்துக்கே கூப்பிடவில்லை, வேறு வேலைக்குப் போனேன் என்றாள்.

களத்துக்குக் கூப்பிட்டிருந்தால் கூலி கொடுத்திருப்பார்கள். கூலி கொடுத்தால் சீட்டில் இருக்கும். ஆபீஸ் அறைக்குப் போய் இரண்டு வருஷத்துக் கூலிச் சீட்டையும் கேட்டு வாங்கினேன். அந்த அம்மாளுக்குக் கைநாட்டு. ஆடி, ஆவணியில் இந்த வருஷம் பெருவிரல் ரேகை வரிசையாக இருந்தது, போன வருஷம் அந்த இடம் காலி. மற்றவர்களுக்கும் அப்படியே. மூத்தவரிடம் காட்டினேன். ஈரத்தோடு எடை போட்டு வாங்கி இங்கே காயவைத்த சரக்கு என்று தெரிகிறது, எத்தனை ஈரம் என்று தெரியவில்லையே என்றார். அதுவும் சரியான பேச்சுதான். அன்றே ஒரு தோப்பிலிருந்து பச்சைக் கொப்பரை வந்து இறங்கியது. அதில் ஒரு மூட்டையை எடை போட்டு, களத்தில் தனியாகக் கோடு கிழித்துப் பரப்பிவைத்தோம். கணக்குப்பிள்ளை தானே அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார், காக்கை கொத்தினால் அதுவும் எடையில் குறையும் என்று. இரண்டு நாள் வெயில்தான் கிடைத்தது. மாலையில் எடை போடும்போதெல்லாம், மில் ஒதுக்கி வைத்திருந்த அளவைத் தாண்டிக்கொண்டே இறங்கியது.

சனிக்கிழமை மத்தியானம் ஆடிட்டர் வந்தார். மூத்தவர் எழுதிய தாளையும் என்னுடையதையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தார். என்னைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டார்.

"அந்தம்மா சொன்னது நிஜம்தான்னு நீங்க எப்படித் தீர்மானிச்சீங்க?"

"தீர்மானிக்கலைங்க. அதனாலதான் கூலிச் சீட்டைக் கேட்டேன்."

அவர் இரண்டு தாளையும் ஒன்றாகச் சேர்த்து வைத்தார். முதலாளியை அழைத்து, ஆடி மாதக் கொள்முதல் சீட்டுகளை எடுத்துவரச் சொன்னார். ஆடிட்டரும் நாங்கள் இருவரும் மாலைவரை உட்கார்ந்து ஈரச் சரக்கு மட்டும் எவ்வளவு என்று பிரித்தோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் பதினொன்றில் எட்டு மூட்டைக்கு வழி தெரிந்தது. மூன்று மூட்டை தெரியவில்லை. ஆடிட்டர் அந்த மூன்றை மட்டும் குறைவு என்று எழுதினார். எட்டுக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்பதற்காக மூன்றையும் மன்னித்துவிடவில்லை. முதலாளி கணக்குப்பிள்ளையை வேலையைவிட்டு நீக்கவில்லை, ஆனால் குடோன் சாவியை இன்னொருவருக்கும் ஒன்று கொடுத்தார். கணக்குப்பிள்ளை எங்களை பஸ் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். அந்த மூன்று மூட்டை அவருக்குத் தெரிந்து போனதா, தெரியாமல் போனதா என்று அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து யோசித்தேன். இன்றுவரை எனக்குத் தெரியாது.

கோயம்புத்தூர் திரும்புகிற வழியில், என்னைச் சேர்த்துக்கொள்வதாக ஆடிட்டர் சொன்னார். சொன்ன விதம் இப்படி: "பரீட்சையில நீங்க தேறுவீங்களான்னு எனக்குத் தெரியாதுங்க தம்பி. அது உங்க பாடு. ஆனா நீங்க கேக்கற ஆளு. ஆபீஸுக்கு அது வேணும்." முன்பணம் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

ஒப்பந்தப் பத்திரம் ஸ்டாம்ப் பேப்பரில் இங்கிலீஷில் டைப் அடித்து வந்தது. அப்பாவும் கையெழுத்துப் போடவேண்டும் என்பதால் அதை வீட்டுக்கு எடுத்துவந்தேன். உடுமலையிலிருந்து வந்திருந்த அப்பா, எங்கே போடவேண்டும் என்று கேட்டுப் பேனாவைத் திறந்துவிட்டார். அக்கா, "பொறுங்கப்பா" என்றாள். வரிக்கு வரி தமிழில் சொல்லச் சொன்னாள். நான் ஆபீஸ் ரகசியத்தை வெளியில் சொல்லமாட்டேன், சொல்லாமல் லீவு போடமாட்டேன், பொருள்களைச் சேதப்படுத்தமாட்டேன் என்று நான் கொடுக்கும் உறுதிமொழிகளாகவே வந்துகொண்டிருந்தன. அவள் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அவரு ஒண்ணும் ஒத்துக்கலையா?"

அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். தன்னால் இயன்ற அளவு தொழிலை இவனுக்குக் கற்பிப்பேன் என்று ஆடிட்டரும் உறுதி கொடுத்திருந்தார். அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். அதன்பின்தான் அப்பாவைப் போடவிட்டாள்.

பரீட்சை விஷயத்தில் ஆடிட்டருக்கு இருந்த சந்தேகம் தப்பில்லை. முதல் கட்டமான இன்டர் பரீட்சையில் இரண்டு தடவை பெயிலானேன். முதல் தடவை அதே பழக்கம்தான், ஒரு கணக்கில் சிக்கி மற்றதை விட்டேன். இரண்டாம் தடவை சட்டப் பேப்பர் காலை வாரியது. அதற்குள் ஆபீஸிலிருந்த அந்த மூத்தவர் எல்லாப் பரீட்சையிலும் ஒரே மூச்சில் தேறி மெட்ராஸுக்குப் போய்விட்டார். அங்கிருந்து எனக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரு கேள்விக்கு இத்தனை நிமிஷம் என்று எழுதிக்கொண்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வை, முள் தாண்டினால் பேனாவை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோ, விட்டதை வீட்டுக்கு வந்து தேடிக்கொள் என்று. என்னிடம் கடிகாரம் இல்லை. மச்சான் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார். மூன்றாம் தடவை தேறினேன். ஒத்துவராத கணக்கை விட்டுவிட்டு எழுந்து வருவது பல்லைப் பிடுங்குவது மாதிரி இருந்தது. ஆனால் முடிந்தது.

கடைசிக் கட்டமான பைனலிலும் ஒரு தடவை பெயிலாகி, மறுதடவைதான் தேறினேன். ஆடிட்டர் ஆபீஸுக்குத் தபால் வந்த அன்று நேராகக் கணபதி வீட்டுக்குப் போனேன். அக்கா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்தாள். அந்த வருஷங்களில் என் பழைய புத்தகங்களை வைத்து அவள் கொஞ்சம் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டப் பழகியிருந்தாள்.

"இதுல கிளாஸ் போடலையே?" என்றாள்.

இந்தப் பரீட்சைக்குக் கிளாஸ் கிடையாது, பாஸா பெயிலா என்பது மட்டும்தான் என்றேன். அவள் அந்தத் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு முறத்தைக் கீழே வைத்துவிட்டு, மச்சானிடம் சொல்வதற்குப் பட்டறையை நோக்கி நடந்தாள்.